ரெஜினா எப்படிப்பட்ட பிள்ளை என்று என்னிடம் கேட்டார்கள்

இன்று காலை கடைக் கவுன்டரில்...

நான் வேலை செய்வது ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையில். கடை திறந்ததுமே ஒரு அம்மா வந்தார். நாலு விதமான சட்டைத் துணியை எடுத்துப் போடச் சொன்னார். ஒன்றையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்!

"ஏம்மா, நீங்க அக்கரப்பத்தனைப் பக்கமா?"

"ஆமாங்கம்மா."

"அங்க புள்ளக்காம்பராவுல புள்ளைங்கள பாத்துக்கிற ரெஜினாவ தெரியுமா? எங்க மகனுக்குப் பாக்குறோம்."

ஓகோ, சம்பந்த விசாரணை! (துணி எடுப்பதெல்லாம் சும்மா. எங்கள் பக்கம் பெண் கேட்டுப் போவதற்கு முன் ஊரெல்லாம் விசாரித்துவிடுவார்கள்.)

ரெஜினாவைத் தெரியுமாவா? தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லயம். அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரே ஒரு சுவர்.

ஆனால் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. வீட்டுக்குச் சொல்லாமல் கொழும்புக்கு வேலைக்குப் போக நான் பை கட்டி வைத்திருந்தேன். அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் போய் என் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்! "துரோகி"யென்று லயமே கேட்கக் கத்தினேன். வாட்ஸ்அப்பில் ப்ளாக் செய்தேன். (அடுத்த வீட்டுக்காரியை!)

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் வந்து, யாரோ எதையோ சொல்லி, நின்றுபோயிருக்கிறது. இதுவும் போனால் அவள் அம்மா தாங்கமாட்டார்.

"பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப ஏதோ காதல் கீதல்னாங்க..." என்று இழுத்தார் அந்த அம்மா.

இருந்தது. பதினேழு வயதில் ஆறு கடிதம். ஆறையும் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரியே நான்தான்!

ஒரு வார்த்தை போதும், கல்யாணம் நின்றுவிடும். சத்தியமாகப் பயமாக இருந்தது.

"அதெல்லாம் அவகிட்டயே கேளுங்கம்மா. அவ பொய் சொல்லமாட்டா. அவ கோவக்காரி, வாயாடி. அவ வைக்கிற பருப்ப வாயில வைக்க முடியாது. ஆனா எங்கம்மா வழுக்கி விழுந்து படுத்திருந்தப்ப, நான் அவகூட பேசாம இருந்தப்பவும், நான் கடைக்குக் கெளம்புனதும் வந்து கஞ்சி ஊத்திக் குடுத்தது அவதாங்க."

இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அந்த அம்மா சிரித்தார்.

"அந்தப் புள்ள சொன்னது சரியாத்தான் இருக்கு."

"எந்தப் புள்ளைங்க?"

"ரெஜினாதான். போன ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாத்தப்ப, ஒன்னப் பத்தி யார்கிட்டம்மா விசாரிக்கிறதுன்னு நேராவே கேட்டுட்டேன். அதுக்கு அந்தப் புள்ள, சொந்தக்காரங்க கூட்டித்தான் சொல்லுவாங்க, என்கூட ரெண்டு வருஷமா பேசாத ஒருத்தி ஹட்டன்ல இந்தக் கடையில நிக்கிறா, அவ உள்ளத சொல்லுவான்னுச்சு."

கடைசியில் நிஜமாகவே ஒரு துணியில் ரெண்டு மீட்டர் கேட்டவருக்கு மூன்று மீட்டர் வெட்டிவிட்டேன். (முதலாளி இதைப் படிக்கக் கூடாது.)

நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவள்தான் என் பக்கம் நிற்பவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் எவ்வளவு பெரிய மடச்சி!

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ப்ளாக்கை எடுத்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற அன்னைக்கு நீ பருப்பு வைக்காத, நான் வைக்கிறேன்" என்று அனுப்பினேன்.

போனில் பதில் வரவில்லை.

சுவரில் டொக் டொக்கென்று சத்தம்.

"ஏன்டி, இங்க இருந்து இங்க மெசேஜா? எந்திரிச்சு வாடி!"

மன்னிக்கவும் நண்பர்களே, கமென்டுக்கெல்லாம் நாளைக்குத்தான் பதில்.