ஜெபஷீலா டீச்சரும் பந்தல் மைனாக்களும்

ஜெபஷீலா டீச்சர் சாக்ஸபோன் சொல்லிக் கொடுக்கிறார் என்றால், கம்பத்தில் பாதிப் பேர் எந்தக் கோயிலில் வாசிக்கிறார் என்று கேட்பார்கள். மீதிப் பேர் கல்யாணத்துக்கு வருவாரா என்பார்கள். ஜாஸ் என்று சொன்னால் இரண்டு கூட்டமும் முழிக்கும். எனக்கு எரிச்சலாக வரும். டீச்சருக்கு வராது. “என்னமோ ஒண்ணு கேக்குறாகல்ல, விடுங்க” என்பார்.

நான் மருந்துக்கடைக்காரன். தலை நரைத்த பிறகு அவரிடம் போய்ச் சேர்ந்தவன். டீச்சர் உத்தமபாளையத்தில் பிறந்து, சர்ச் பேண்டில் வாசிக்கப் பழகி, குமுளியில் ஒரு ரிசார்ட்டில் பல வருஷம் சாயங்கால விருந்தாளிகளுக்கு வாசித்தவர். அங்கே பியானோ வாசித்த ஷீபா என்ற மலையாளத்துப் பெண்தான் இவருக்கு ஜாஸைப் பிடிக்கவைத்தாராம். ரிசார்ட் கைமாறி வாசிப்பை நிறுத்தியதும், மலையிறங்கி வந்து வகுப்பு ஆரம்பித்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால், “இருக்கிற மூச்சு இதுக்கே சரியாப் போகுது” என்று சாக்ஸபோனைக் காட்டிச் சிரிப்பார்.

வாடகை வீடுகள்தான் அவருக்கு வாய்க்கவில்லை. சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, ஒவ்வொரு வீடாகக் காலி செய்தார். கடைசி வீட்டுக்காரரும் கையை விரித்தபோது, வகுப்பை மூடிவிட்டுக் கோயம்புத்தூரில் ஏதாவது பள்ளிக்கூட வேலைக்குப் போவதாகச் சொன்னார். எனக்குத் திக்கென்றது.

அப்போது வாயைத் திறந்தவர் சுருளிப்பட்டி பாண்டீஸ்வரன். திராட்சை விவசாயி. டீச்சரிடம் படிக்கும் எங்களிலேயே மோசமாக வாசிப்பவர்.

“டீச்சர், என் தோட்டத்துக்கு வந்துருங்க. மோட்டார் ரூம் சும்மாத்தான கெடக்கு. பழுக்கிற நேரத்துல மைனா கூட்டங்கூட்டமா எறங்குது. நீங்க எல்லாரும் அங்கன வந்து ஊதுனீகன்னா, நான் தகரம் தட்ட வேண்டியதில்ல.”

ஜாஸைக் குருவி விரட்டக் கூப்பிடுகிறாரே மனுஷன் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டீச்சரோ மறுநாளே பாய், ஸ்டாண்டு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

புதிதாகச் சேர்ந்திருந்த அனுஷ்கா அங்கே முதல் தடவை ஊதியதும், திராட்சைப் பந்தலில் இருந்த மைனா அத்தனையும் அலறிக்கொண்டு பறந்தன. பாண்டீஸ்வரன் கைதட்டினார். நான் வாசித்தபோதும் பறந்தன. அதைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு விருப்பமில்லை.

சிக்கல் போகப்போகத்தான் தெரிந்தது. டீச்சர் வாசித்தால் மைனாக்கள் அசையாமல் உட்கார்ந்து பழம் தின்றன. அனுஷ்காவுக்கு வாசிப்பு படிந்ததும் அவளுக்கும் பயப்படவில்லை. பிறகு எனக்கும். மைனா கொத்திப்போட்ட குலைகளைப் பாண்டீஸ்வரன் பொறுக்கி வரப்போரம் கொட்டினார். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மைனா பயந்தது பாண்டீஸ்வரன் ஒருவருக்குத்தான். அவர் ஊதினால் பக்கத்துத் தோட்டம்கூடக் காலியாகும். “அவர அப்படியே விட்டுருங்க டீச்சர், வகுப்பு நடத்த எடமாவது மிஞ்சும்” என்றேன். டீச்சர் என்னை முறைத்தார்.

அன்றைக்கே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தார். “அண்ணே, நீங்க அங்கன தூரத்துல போறவனக் கூப்புடுற மாதிரியே ஊதுறீக. இங்கன நிக்கிற ஆளோட பேசுங்க. வீட்டுல மதினிகிட்ட எப்படிப் பேசுவீக?”

“அவகிட்டயும் இப்படித்தான் டீச்சர்.”

அனுஷ்கா விழுந்து விழுந்து சிரித்தாள். டீச்சர் விடவில்லை. “நான் நாலு வரி வாசிப்பேன். நீங்க அதுக்குப் பதில் சொல்லுங்க. தப்பு ரைட்டு பாக்காதீக, மனசுல உள்ளதச் சொல்லுங்க.”

டீச்சர் வாசித்தார். பாண்டீஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார். முதலில் தடுமாறினார். அப்புறம், வேலை முடிந்து வந்து அன்றைய பாடுகளைச் சொல்கிறவர் போல மெதுவாக, யாரும் எழுதித் தராத ஒன்றை வாசித்தார். இத்தனை நாள் நான் வாசித்ததில் ஒரு வரிகூட அப்படி வந்ததில்லை. பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அவர் நிறுத்தியபோது தலைக்கு மேலே பழம் கொத்தும் சத்தம் கேட்டது. பந்தல் நிறைய மைனா. டீச்சரின் முகம் வாடிவிட்டது. நானும் பாண்டீஸ்வரனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

அவர் அண்ணாந்து தன் பழத்தை அவை தின்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“டீச்சர், ஒண்ணுகூடப் பறக்கலயே! பாத்தீகளா?”

“பாத்தேண்ணே. நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்.”

“எதுக்கு? பந்தலுக்கு வலை வாங்கிப் போட்டுக்கிறேன். நீங்க அந்த நாலு வரிய மறுபடி வாசிங்க, நான் இன்னும் சொல்லி முடிக்கல.”