டப்பா வண்டியும் ஏழாம் நாள் ஊர்வலமும்

பூனா பக்கம் ஆகுர்டியில் எங்கள் தெருவே அப்பாவின் வண்டியை டப்பா என்றுதான் சொல்லும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய மூன்று சக்கர சைக்கிள் அது. அதன்மேல் குழாய்களை வளைத்துக் கூடு கட்டி, சுற்றிலும் ஃப்ளெக்ஸ் பேனரால் மூடியிருந்தார். முன்னால் பார்க்கப் பிளாஸ்டிக் ஜன்னல், ஏறி இறங்க ஓரத்தில் ஒரு திரை. அப்பா உள்ளே உட்கார்ந்து மிதிப்பார். அவர் முதுகில் என் முதுகை ஒட்டிக்கொண்டு, பின்பக்கம் இருந்த ஓட்டை வழியாக நான் வேடிக்கை பார்ப்பேன். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவது என் வேலை. என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு அவர் கம்பெனிக்குப் போவார்.

எதுக்குப்பா இதெல்லாம் என்று கேட்டால், "மழைடி கண்ணு. பூனா மழையில நனைஞ்சு நனைஞ்சு சலிச்சுப் போச்சு" என்பார். நான் நம்பினேன். தெருவும் நம்பியது.

உண்மை அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்குக் கால் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தன. சைக்கிளை நிறுத்திக் கால் ஊன்றத் தெம்பில்லாமல் நடுரோட்டில் விழுந்த பிறகுதான் மூன்று சக்கரத்துக்கு மாறினார். காலைக் கையால் தூக்கிப் பெடலில் வைத்து ரப்பர் பட்டையால் கட்டிக்கொள்வார். அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்றுதான் கூடு. கம்பெனியில் அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை. எல்லாருக்கும் முன்னால் போய்ச் சுவரைப் பிடித்து நடந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால், எல்லாரும் கிளம்பிய பிறகுதான் எழுந்திருப்பார். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கான்ட்ராக்ட் ஆள்தானே. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னவை.

வினை அந்த ஃப்ளெக்ஸில் இருந்தது. முந்தின வருஷத்துக் கணபதி பந்தலில் கட்டியிருந்த பேனர். பந்தலைப் பிரித்தபோது சும்மா கொடுத்தார்கள். வழவழப்பான பக்கம் வெளியே இருந்தால்தான் தண்ணீர் வழியும் என்று படத்தை வெளியே வைத்தே கட்டினார். ஆக, வண்டியின் இரண்டு பக்கமும் பிள்ளையார். "சாமி படத்துக்குள்ள காலை நீட்டிக்கிட்டு உக்காருவீங்களா?" என்று அம்மா சண்டை பிடித்தாள். "அவருதான் என்னைப் பாத்துக்கணும், விடு" என்றார் அப்பா.

எங்கள் பக்கம் கம்பெனிகளில் வைக்கிற கணபதியை ஏழாம் நாளே கரைக்கக் கொண்டுபோய்விடுவார்கள். அன்றைக்கு மத்தியானமே கம்பெனி காலியாகிவிட்டது. அப்பாவுக்கு அது வசதி. நிம்மதியாக வண்டியில் ஏறிப் பள்ளிக்கு வந்து என்னையும் ஏற்றிக்கொண்டார். ஆனால் பெரிய ரோட்டில் திரும்பியதும் எதிரே டோல் மேள முழக்கத்தோடு ஊர்வலம். பின்னாலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒதுங்க வழியில்லை.

ஏதோ சின்னப் பந்தல்காரர்களின் சாமி ரதம் என்று எங்கள் டப்பாவை நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் ஆரத்தி எடுத்தாள். ஒருவர் சக்கரத்தின் முன்னால் தேங்காய் உடைத்தார். என் கையில் ஒரு மோதகம் வந்து விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்பா, நமக்குத் தேங்கா ஒடைக்கிறாங்கப்பா!"

"தலையை உள்ள இழு. சத்தம் போடாத." அப்பா அப்படி ஒரு குரலில் என்னிடம் பேசியதே இல்லை.

அதற்குள் ஓரத்துத் திரை விலகியது. உடம்பெல்லாம் குலால் பொடி பூசிச் சிவந்துபோயிருந்த ஒருவர் தலையை நீட்டினார். அப்பாவின் சூப்பர்வைசர். வந்தது அவர்கள் கம்பெனி ஊர்வலம்தான். "அரே அண்ணா, தும்ஹி? பாஹேர் யா, நாச்சா!" என்றார். வெளியே வந்து ஆட வேண்டுமாம். "நக்கோ சாஹேப், நக்கோ" என்று அப்பா கெஞ்சினார். பண்டிகை நாளில் வேண்டாம் என்றால் யார் விடுகிறார்கள்? நாலைந்து கைகள் உள்ளே வந்தன. பட்டை அறுந்தது. ஒரு செருப்பு பெடலிலேயே தங்கிவிட, அப்பா தோள்களின் மேல் போய்விட்டார். யார் யார் தலையையோ பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாரும் "கணபதி பப்பா மோரயா!" என்று கத்த, நானும் கை தட்டிக் கத்தினேன்.

கீழே இறக்கிவிட்டபோது அப்பா அப்படியே மடங்கி விழுந்தார். கணபதிக்கு நமஸ்காரம் பண்ணுகிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாக "மோரயா" போட்டார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. சூப்பர்வைசர் குனிந்து கையைப் பிடித்து இழுத்தார். முழங்கால் மறுபடி மடங்கியது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பக்கத்தில் டோல் அடித்தவனை நிறுத்தச் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல அப்பாவை அவரே தூக்கி வண்டியில் வைத்தார். இரண்டு பேரை விட்டு வண்டியை எங்கள் தெருமுனை வரை தள்ளிவிடச் சொன்னார். அங்கிருந்து நான்தான் தள்ளினேன்.

அம்மா ஓடிவந்தாள். அப்பாவின் சட்டையில் குலாலைப் பார்த்தாள், அறுந்த பட்டையைப் பார்த்தாள். அவரிடம் ஒன்றும் கேட்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"கம்பெனி ஆளுங்க யாராச்சும் பாத்தாங்களா?"

"எல்லாரும் பாத்தாங்கம்மா! சூப்பர்வைசரே வந்து அப்பாவைத் தூக்கினாரு!" என்றேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவம், ஊர்வலத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டதே என்று அழுகிறாளாக்கும் என்று நினைத்தேன். பாதி மோதகத்தை அவள் கையில் வைத்து, "அழாதம்மா, அடுத்த வருஷம் நீயும் வா. அப்பாவை மறுபடி தூக்கச் சொல்றேன்" என்றேன்.