அம்மாவின் மாத்திரையும் நான் சொன்ன விலையும்

பிள்ளைகளே, சின்னவன் பிறந்த நாலாம் மாதத்தில் உங்கள் அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒருநாள் அடியோடு நிறுத்திவிட்டாள். சின்னவனே, இதில் உன் குற்றம் எதுவும் இல்லை. நீ பால் குடித்தாய், கத்தினாய், அவ்வளவுதான். மற்ற இருவருக்கும் அப்போது ஞாபகம் வைத்துக்கொள்ளும் வயதில்லை. ஆனாலும் நான் ஆக்கிய சோற்றைத் தின்று பிழைத்தவர்கள் என்ற முறையில், இதைத் தெரிந்துகொள்ள உங்கள் மூவருக்கும் உரிமை இருக்கிறது.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு என்றார் ஒருவர். தாய்வீட்டுக்கு அனுப்பு என்றார் இன்னொருவர். நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த டாக்டர், "ஜுரம் வர்ற மாதிரி இது மனசுக்கு வர்ற நோய். மாத்திரை இருக்கு. வேலை செய்ய மூணு வாரம் ஆகும். நடுவுல நீங்களா நிறுத்தக்கூடாது" என்று சொல்லி, ஒரு சீமைக் கம்பெனி மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

சிவாஜிநகர் மருந்துக்கடை பாய் அந்தப் புட்டியை இரண்டு கையாலும் எடுத்து வைத்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு இருபத்திரண்டு ரூபாய். அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் எனக்குச் சம்பளம் தொண்ணூறு. வீட்டில், "அஞ்சு ரூபா" என்றேன். பொய் சொல்லக்கூடாது என்று உங்களுக்குத் தினமும் சொல்கிறவன் நான்தான். அது வேறு, இது வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை வேலை செய்தது. நாலாவது வாரம், நான் வைத்த ரசத்தை வாயில் விட்டவள் தலைநிமிர்ந்து, "ஏங்க, உப்பை யாருக்கு வாங்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அன்று அந்த உப்பில்லாத ரசத்தை நான் மூன்று கிண்ணம் குடித்தேன்.

மறுவாரம் இரண்டாவது புட்டி வாங்கினேன். பில்லைச் சட்டைப்பையில் மறந்துவிட்டேன். சட்டையைத் துவைக்க எடுத்தாள்.

அடுத்த நாள் காலையில் எழுந்து பார்த்தால் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாள். காபி கொடுத்துச் சிரித்தாள். பக்கத்து வீட்டம்மா தன் பசுமாடு செத்துப்போனதைச் சொல்லி அழுதபோதும் சிரித்தாள்.

"இன்னா ஆச்சு உனக்கு?"

"எனக்குத்தான் சரியாப் போச்சே. மாத்திரை இனிமே வேணாம்." நனைந்து காய்ந்த பில்லை என் முன்னால் வைத்தாள். "அஞ்சு ரூபாயாமே. உங்க அச்சாபீசுல இருபத்திரண்டை அஞ்சுன்னுதான் அடிப்பீங்களா?"

அந்தச் சிரிப்பை ஐந்து நாள் சுமந்தாள். தலையில் தண்ணீர்க் குடத்தோடு நடப்பவள் போல, கழுத்தைத் திருப்பாமல் சிரித்தாள். ஆறாம் நாள் நான் வீடு திரும்பியபோது அடுப்பு மூட்டவில்லை. சின்னவன் அழுதுகொண்டிருந்தான். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். விலை இறங்காமல் இவள் வாய்க்குள் மாத்திரை இறங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பாயிடம் போய் முறையிட்டேன்.

"இதே மருந்தை பம்பாய்ல வேற பேர் போட்டு விக்கிறான் சாமி. ஏழு ரூபா. ஆனா டாக்டர் எழுதின பேர் வேற. நானா மாத்திக் கொடுத்தா என் லைசென்ஸ் போயிடும்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு எப்படி நம்பறது பாய்?"

"டப்பாவுலயே போட்டிருக்கான். படிச்சுக்கோ."

நான் படித்தது நாலாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரியாமலே தினமும் பக்கம் பக்கமாகக் கோத்துக்கொண்டிருந்தவன். இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புரூஃப் பார்ப்பதுபோல விரலை நகர்த்தினேன். மேலே பெரிய எழுத்தில் இருந்த பெயர்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அடியில், எறும்பு சாரி போனதுபோல ஒரு வரி. பத்து எழுத்து. இரண்டிலும் அதே பத்து. பக்கத்தில் இருந்த எண்ணும் அதேதான். என் ஆயுளில் ஒரு புரூஃபில் தப்பு கிடைக்காததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பாயிடம் கேட்டு இரண்டு காலி டப்பா வாங்கிக்கொண்டேன்.

ஆனால் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது டாக்டர் எறும்பு சாரியையா படிப்பார்? மறுநாள் சாப்பாட்டு வேளையில், முதலாளி வெளியே போன சமயம், இரண்டு கம்பெனிப் பெயரையும் கோத்து, நடுவில் அந்தப் பத்து எழுத்தை இருப்பதிலேயே பெரிய அச்சில் வைத்தேன். பார்க்க மொட்டையாக இருந்தது. சுற்றிலும் பூப்போட்ட பார்டர் கட்டினேன். கையில் கிடைத்த மஞ்சள் அட்டையில் ஒரு பிரதி எடுத்தேன்.

டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். "ஏனப்பா, யாருக்குக் கல்யாணம்?"

"பொண்ணு பம்பாய், மாப்பிள்ளை சீமை சார். ரெண்டு பேருக்கும் கோத்திரம் ஒண்ணு."

"கோத்திரம் ஒண்ணுன்னா கல்யாணமே கூடாதப்பா."

"கல்யாணம் வேணாம் சார். ஒருத்தருக்குப் பதிலா ஒருத்தர் வேலைக்கு வந்தா போதும்."

அவர் சிரிக்கவில்லை. டப்பாக்களை வாங்கி, ஒரு தடிமனான புத்தகத்தைப் புரட்டி ஒப்பிட்டார். பம்பாய்ப் பெயரை எழுதினார். அளவு மாறக்கூடாது, இரண்டு வாரத்தில் கூட்டி வா என்றார். ஒரு வாரமாக மாத்திரை போடவில்லை என்று கேட்டதும் என்னைத் திட்டிய திட்டில் வரிசையே அமைதியாகிவிட்டது. மஞ்சள் அட்டையை மட்டும் மேஜை டிராயருக்குள் போட்டுக்கொண்டார்.

மருந்தை வாங்கிக்கொண்டு பறந்து வந்தேன்.

"ஏழு ரூபாதான்" என்றேன்.

"போன தடவை இருபத்திரண்டை அஞ்சுன்னீங்க. அப்ப இது முப்பதுக்கு மேல இருக்கும்."

"சத்தியமா ஏழு."

"சத்தியம் இன்னா விலைக்கு வாங்கினீங்க?"

பில்லைக் காட்டினேன். அதை அவள் தொடக்கூட இல்லை. "அச்சாபீசு ஆளுக்கு பில் அடிக்கத் தெரியாதா?"

வேறு வழியில்லை. உங்கள் மூவரையும், மாடு விஷயத்தை இன்னும் மன்னிக்காத பக்கத்து வீட்டம்மாவிடம் கெஞ்சி ஒப்படைத்துவிட்டு, மருந்தையும் அவளையும் சேர்த்து பஸ்ஸில் ஏற்றி சிவாஜிநகருக்குக் கூட்டிப்போனேன். கடையில் புட்டியைத் திருப்பி பாயிடமே கொடுத்து, நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

"இது இன்னா விலை பாய்?" என்றாள்.

"ஏழு ரூபாம்மா."

எனக்கு மூச்சு வந்தது. அவள் நகரவில்லை. புட்டியை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்தாள்.

"சின்னதா கீதே. அஞ்சுக்கு வராதா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தேன்.

"அம்மா, இது மருந்து. கத்திரிக்கா இல்ல."

"கத்திரிக்கான்னா பொறுக்கிப் பாத்து எடுப்பேன். இதைப் பாக்காமதானே எடுக்கறேன்? அதுக்காகவாவது கொறைக்க வேணாமா?"

"விலை அச்சுல போட்டிருக்கும்மா."

"அச்சுல வர்றதெல்லாம் நெஜமா? எங்க வூட்டுக்காரரைக் கேளுங்க."

புட்டியை வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். மருந்து போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். நாலடி நடந்திருப்பாள். மெதுவாக நடக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய்க்கு அது முன்பே தெரிந்திருந்தது.

"இந்தாம்மா, வாங்க. நாலணா கொறைச்சுக்கறேன். வெளியில சொல்லாதீங்க."

திரும்பி வந்து நாலணாவை எண்ணி முந்தானையில் முடிந்தாள். கடையின் கூஜாவிலிருந்து தண்ணீர் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று ஒரு மாத்திரையை விழுங்கினாள். "இனிமே நான்தான் வந்து வாங்குவேன். உங்களை நல்லா ஏமாத்தறாங்க" என்றாள். வீடு வரும்வரை அவள் சிரிக்கவில்லை. களைத்த முகம், அவளுடைய சொந்த முகம்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், மருந்தில் மிச்சமான காசின் தைரியத்தில் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தேன். மூலையில் உட்கார்ந்து, வெண்ணெய் வைத்த மசால் தோசை ஒன்று சொன்னேன். பாதி தின்றிருப்பேன், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பரிமாறுகிறவர், "சட்னி காரமா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன்.