வீட்டு விலை

எனக்குச் சேகரிப்பாளர்களைக் கண்டாலே ஆகாது. வரிக் கணக்கு எழுதிப் பிழைக்கிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். கடைக்காரருக்குத் தாம் கடைக்காரர் என்பதாவது தெரியும். சேகரிப்பாளர் வாங்கும்போது பொழுதுபோக்கு என்பார், விற்கும்போது முதலீடு என்பார், வரி என்று வாயெடுத்தால் எல்லாம் பழைய சாமான் என்பார். பார்த்துப் பார்த்து அப்படிப்பட்ட ஒருவருக்குத்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்தோம்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வருடம் ஊரையே ஏற்றி இறக்கியவர், குடியிருந்தது மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அந்த வீட்டுக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்கப் பூட்டுகள். மொத்தம் நூற்று எண்பத்தாறு. பித்தளைப் பூட்டு, இரும்புப் பூட்டு, மீன் வடிவப் பூட்டு, மூன்று சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு. வெள்ளிக்கிழமை லீவு நாளில் துணியும் எண்ணெயுமாக உட்கார்ந்தார் என்றால், பக்கத்தில் வீடே இடிந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கல்யாணமான முதல் வருடத்தில் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே ஒற்றைப் பூட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அக்கா அன்று ஆடிய ஆட்டத்தில் அந்தப் பூட்டு கடைக்கே திரும்பிப் போனது, ஒரு சட்டமும் பிறந்தது. பூட்டு வாங்கலாம், ஆனால் ஒன்று ஐந்நூறைத் தாண்டக் கூடாது, பில் அவள் கைக்கு வரவேண்டும். அந்தப் பில்களை அக்கா தேதிவாரியாக ஃபைலில் கோத்து வைத்தாள். போகப் போக அந்த ஃபைலே அவளுக்குப் பெருமையாகிவிட்டது. "எங்க வீட்டுக்காரர் பேரம் பேசினா கடைக்காரனே அழுதுடுவான்" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

போன வருடம் அவளுடைய இரண்டு முழங்காலும் மக்கர் செய்ய ஆரம்பித்தன. மூன்று மாடி இறங்கினால் ஏற முடியவில்லை, ஏறினால் இறங்க மனம் வரவில்லை. இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. சேமிப்பெல்லாம் போக இன்னும் ஆறரை லட்சம் வேண்டியிருந்தது. அத்தான் ஒரு வாரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஓட்டல் முதலாளிக்கு அத்தனை பூட்டையும் ஏழு லட்சத்துக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு மட்டும் எனக்கு அவர்மேல் உண்மையிலேயே மரியாதை வந்தது.

கணக்குப் போட நான் போனேன். அக்கா ஃபைலை எடுத்து என் மடியில் வைத்தாள். கூட்டிப் பார்த்தால் நூற்று எண்பத்தாறு பூட்டும் சேர்ந்து அறுபத்திரண்டாயிரம்.

"அத்தான், ஆறு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் லாபம்! பெரிய ஆளுதான் நீங்க" என்றேன். "என்ன, அதுல அஞ்சுல ஒரு பங்கு வரி கட்டணும். ஒரு லட்சத்து இருபத்தேழாயிரத்துச் சொச்சம்."

அக்காவின் முகம் வாடியது. அதைக் கட்டினால் வீட்டுப் பணத்தில் எழுபத்தெட்டாயிரம் துண்டு விழும். அத்தான் முகத்திலோ ஈயாடவில்லை.

மறுநாள் காலையில் என் அலுவலகத்துக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஒரு அழுக்கு டூல்பையை மேஜையில் கவிழ்த்தார். உள்ளே இன்னொரு கட்டுப் பில்.

"மச்சான், இதுதான் நிஜ பில். அங்க இருக்கறது வீட்டு பில்."

"வீட்டு பில்லா? அது என்ன?"

"பழைய சாமான் கடையில எல்லாருக்கும் தெரியுமே. காசை வாங்கிக்கிட்டு 'வீட்டுக்கு எவ்வளவு போடணும்'னு அவனே கேட்பான். நான் மட்டுமா? கடிகாரம் சேக்கறவர், கேமரா சேக்கறவர், எல்லாருக்கும் ரெண்டு பில்தான்."

நிஜ பில்களைக் கூட்டினேன். ஐந்து லட்சத்து எண்பதாயிரம். லாபம் ஒரு லட்சத்து இருபதாயிரம்தான், வரி இருபத்துநாலாயிரத்தோடு போய்விடும். வீடும் கைக்கு வரும். இந்தப் பையை இத்தனை வருடம் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் வைத்திருந்தாராம். உலகத்திலேயே அக்கா ஏறி வர முடியாத ஒரே இடம் அதுதான்.

"ஒருவாட்டி நான் வேலைக்குப் போயிருந்தப்ப, உங்க அக்கா மீன் பூட்டு ஒண்ணைக் கீழ்வீட்டுக்காரருக்கு நானூறுக்குக் கொடுத்துட்டா. 'முந்நூத்தம்பதுக்கு வாங்கினது, அம்பது லாபம்'னு சிரிச்சுக்கிட்டே காசை நீட்டினா. ஒம்போதாயிரம் மச்சான் அது! கெட்டிக்காரின்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்தவன்தான், ரெண்டு நாள் காய்ச்சல். அப்புறம் ஐயாயிரம் கொடுத்து அவர்கிட்ட திரும்ப வாங்கி, துணியைச் சுத்திப் பரண்ல வெச்சேன்."

"பேசாம இந்தப் பில்லையெல்லாம் வரி ஆபீஸ்ல கொடுத்துடலாம். அக்காகிட்ட சொல்லிடுங்க."

"உங்க அக்காகிட்டயா? நீ வேணா சொல்லேன்."

"எனக்கென்ன பைத்தியமா?"

நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் யோசித்த லட்சணம் இவ்வளவுதான். இவ்வளவு பெரிய விற்பனைக்கு வரி அலுவலகத்தில் எப்படியும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அதற்கு அக்காவுக்குத் தெரியாமல் போய்வருவது என்று முடிவு செய்தோம். ஆனால் வரி அலுவலகக் கடிதம் தபாலில் வீட்டுக்கே வந்தது. வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பிரிப்பது அக்காதான். குறித்த நாளில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடியும் இறங்கி, ஃபைலை மார்போடு அணைத்தபடி ஆட்டோவில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தாள். அத்தான் டூல்பையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "லீவு நாள்ல இது எதுக்கு?" என்று கேட்டாள். அவர் பையின் வாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி கண்ணாடி போட்ட அம்மாள். ஃபைலை நிதானமாகப் புரட்டினார். அக்கா விடாமல் அத்தானின் பேரத் திறமையைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இருங்கம்மா. நூத்தி எண்பத்தாறு பூட்டு, ஒண்ணுகூட ஐந்நூறைத் தாண்டலை. ஓட்டல்காரர் இந்த ஒரு பூட்டுக்கு மட்டும் பத்தாயிரம் கொடுத்திருக்கார். இது எப்படி முந்நூறுக்குக் கிடைக்கும்? திருட்டுச் சாமானா?"

அக்கா கொதித்து எழுந்தாள். முழங்கால் வலியெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ! "யாரைப் பார்த்துத் திருட்டுங்கறீங்க? முப்பது வருஷமா ஒரு பொய் பேசினதில்லை என் வீட்டுக்காரர்!"

அத்தான் டூல்பையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தேன்.

அக்கா ஒவ்வொரு பில்லாகக் கையில் எடுத்தாள். தன் ஃபைலில் அதே தேதியைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பத்துப் பில்லுக்கு மேல் பார்க்கவில்லை. அந்த மீன் பூட்டின் பில் வந்ததும் கீழே வைத்துவிட்டாள். அத்தான் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த ஃபைலைத் தவிர பெருமை பேச அவளிடம் வேறு என்ன இருந்தது?

"கடைக்காரங்களை நான் விசாரிச்சுக்கறேன்" என்றார் அதிகாரி. "ஆனா ஒரு பூட்டுக்கு ரெண்டு பில் இருக்கு. உங்க கையில இருந்தது தப்புன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்மா. அப்பதான் வரி குறையும்." ஒரு தாளை நகர்த்தி அவரே சொல்லிக்கொண்டு வந்தார். "'என் கணவர் என்னை ஏமாற்றிக் காட்டிய பில்கள் இவை'ன்னு எழுதுங்க."

'என் கணவர்' என்பது வரைக்கும் எழுதிய பேனா நின்றது. வீடே கைவிட்டுப் போனதாக நான் நினைத்தேன்.

"ஏமாத்திங்கற வார்த்தை வேணாம்" என்றாள் அக்கா.

"வேற எப்படிம்மா எழுதறது?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "'செலவு பற்றிய என் பயத்துக்காகக் குறைத்துக் காட்டிய'ன்னு எழுதறேன். சரியா வருமா?"

"வரும்" என்றார் அதிகாரி. அவரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா ஆட்டோவுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். அத்தான் இரண்டு முறை தொண்டையைச் செருமினார், பலிக்கவில்லை. முதல் மாடியில் மூச்சு வாங்க நின்றவள் கேட்டாள். "அந்த மூணு சாவிப் பூட்டு?"

"ஏழாயிரம்."

தலையை ஆட்டிவிட்டு ஏறினாள். இரண்டாம் மாடியில் நின்றாள். "வட்டமா ஒண்ணு இருந்துதே?"

"ஆறாயிரத்து ஐந்நூறு." அத்தானின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மூன்றாம் மாடிக்குப் பாதியில் அவளால் முடியவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மணிக்கட்டைத் திருப்பினாள். "இந்த வாட்ச்? கல்யாண நாளுக்கு ஐயாயிரத்துக்கு வாங்கினேன்னீங்களே?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் மாடிக் கைப்பிடியைப் பார்த்தேன்.

"எழுநூத்தம்பது" என்றார்.

அக்கா வாட்சைக் காதில் வைத்துக் கேட்டாள். பத்தொன்பது வருடமாக ஒரு நாள்கூட நிற்காமல் ஓடுகிற வாட்ச் அது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் கண்ணில் நீர் முட்டியது.

"இதுல நிஜமாவே நல்லா பேரம் பேசியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, அத்தானின் தோளைப் பிடித்து எழுந்து அடுத்த படியில் கால் வைத்தாள்.