ஈரல் வறுவலும் செம்பு பாட்டிலும்

திண்டுக்கல்லில் இருந்து வடமதுரை போகிற ரோட்டில், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை என்னுடையது. போர் மோட்டார் புகைந்துபோனால் கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் செம்பைத்தான் வேகவைத்துச் சாப்பிடுகிறோம் என்று ஜோக்கடித்துத் திரிந்தவன். அந்தச் செம்பு என் மகளின் ஈரலுக்குள் குடியேறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, முதலில் என் கையைத்தான் பார்த்தேன்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. கை நடுங்கியது, எழுத்து கோணியது. அதற்கு எத்தனை பேர் எத்தனை காரணம் கண்டுபிடித்தார்கள்! பள்ளிக்கூடத்தில் அலட்சியம் என்றார்கள். நடுங்குகிற அதே கையால் திருப்பி எழுதிவரச் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் செல்போன் மேல் பழியைப் போட்டார்கள். கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றியவர்களும் உண்டு. கடைசியில் கண்ணாடி போடலாமா என்று பார்க்கப் போன இடத்தில், கண் டாக்டர்தான் விளக்கை அடித்துப் பார்த்து, கருவிழி ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் தெரிகிறதே என்றார். அது செம்பு. நோய்க்கு ஒரு வெள்ளைக்காரர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

"எல்லாருக்கும் கொஞ்சம் செம்பு வேணும். மிச்சத்தை ஈரல் பித்தத்தோட வெளிய தள்ளிரும். உங்க பொண்ணு ஈரலால அது முடியல. அதான் ஈரல்லயும் மூளையிலயும் தேங்குது" என்றார் ஈரல் டாக்டர்.

"சார், நான் செம்புக் கம்பி வேலைதான் பாக்குறேன். என் சட்டையில இருந்து…"

"சட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உங்ககிட்ட இருந்து ஒரு பழுது, உங்க வீட்டம்மாகிட்ட இருந்து ஒரு பழுது. ரெண்டும் சேந்து வந்தாத்தான் இந்த நோய். மாத்திரை ஆயுசுக்கும் சாப்பிடணும். நடுவுல விட்டா உயிருக்கே ஆபத்து."

செம்பைச் சிறுநீரில் இறக்க ஒரு மாத்திரை, சாப்பாட்டுச் செம்பு குடலில் ஏறாமல் தடுக்கத் துத்தநாக மாத்திரை. ஈரல், கொட்டைப் பருப்பு, சாக்லேட் வேண்டாம். செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் ஆகவே ஆகாது.

சட்டைக்குச் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னால் போதுமா? என் மண்டைக்கு யார் சொல்வது? கடைவிட்டு வந்ததும் வாசல் குழாயடியிலேயே குளித்துவிட்டு ஈர வேட்டியோடு உள்ளே போனேன். "கடைக்குப் போறீங்களா, கருமாதிக்குப் போயிட்டு வாரீங்களா?" என்றாள் மனைவி. பூஜைக்கு வைத்திருந்த செம்புச் சொம்பைக் கடைக்குக் கடத்தினேன். ஃபேனுக்குள்ளும் செம்புக் கம்பிதானே என்று திடீரென்று உறைக்க, அதற்கு நேர் கீழே படுக்காதே என்றேன் மகளிடம்.

"அப்பா, நான் ஃபேனை நக்க மாட்டேன்" என்றாள் அவள்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குஜிலியம்பாறையிலிருந்து அக்கா வந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் பளபளவென்று ஒரு செம்பு பாட்டில். வாளியைத் திறந்தால், மிளகு மணக்க ஆட்டு ஈரல் வறுவல்.

"ஈரல்ல கோளாறுன்னா ஈரலத்தான் குடுக்கணும். வா தாயி, ஒரு வாய் வாங்கிக்க."

"அக்கா, ஈரல்லதான் செம்பு ஜாஸ்தி. போன்ல அம்புட்டு நேரம் சொன்னேன்ல?"

"ஆமா, இவரு படிச்சுக் கிழிச்சாரு. செம்புத் தண்ணி குடிச்சா சகல நோயும் போகும்னு டெய்லி வீடியோ வருது. நீ என்னடான்னா துத்தநாகத்த முழுங்க வைக்கிற. தகரக் கொட்டகைக்கு அடிக்கிற சாமானம்டா அது! புள்ள வயித்துக்கா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. எந்த ஊர்க்காரன் என்றே தெரியாத ஒருவன் வீடியோவில் சொல்வது வேதவாக்கு. சோதித்துப் பார்த்த டாக்டர் சொல்வது கட்டுக்கதையா? அக்கா அதோடு விடவில்லை. குரலை இறக்கி, "இதெல்லாம் அவ வீட்டு ரத்தம்டா. நம்ம பக்கம் யாருக்கு இருக்கு?" என்றாள்.

என் மனைவி எங்கள் தாய்மாமன் மகள். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று இந்தக் கல்யாணத்துக்கு ஒற்றைக்காலில் நின்றதே அக்காதான்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "மதினி, எங்க வீடுதான் உங்க ஆத்தா பெறந்த வீடு."

அக்கா கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். வாளியும் பாட்டிலும் இங்கேயே தங்கிவிட்டன. நாங்கள் அசந்த நேரத்தில் மகள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டால்? கொட்ட மனம் வரவில்லை. மிளகு வாசனை வேறு. முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். கை கழுவும்போதுதான், பாதிப் பழுது என்னிடமும் இருக்கிறதே என்று உறைத்தது. கண்ணாடி முன்னால் நின்று டார்ச் அடித்து, என் கண்ணில் வளையம் தேடினேன். மனைவி எட்டிப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பாட்டிலை நசுக்கிக் காயலான் கடைச் சாமானோடு போட என் கடைக்குக் கொண்டுபோனேன். பழைய சாமானில் இரும்பைப் பிரித்தெடுக்க வைத்திருக்கும் காந்தத்தின் பக்கத்தில் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. இரும்புத் தகட்டுக்குச் செம்புப் பூச்சு! சகல நோயையும் தீர்க்கிற வியாபாரத்தின் லட்சணம் இது. அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரில் அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"நாசமாப் போறவன், ஏமாத்திட்டானா!" என்று அக்காவும் பொங்கினாள். "ஏலே, விடாத. நாளைக்கே போயி ஒரிஜினல் செம்பா மாத்திட்டு வா. புள்ளைக்கு நல்லதா இருக்கட்டும்."

மகள் போனை வாங்கினாள்.

"அத்தை, ஒரிஜினல் செம்பு ஏற ஏறத்தான் எனக்கு ஈரல் கெடுது. இப்பிடியே போனா நான் செத்துருவேன். அந்தத் துத்தநாகந்தான் அதத் தடுக்குது."

அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"ஈரலுமா தாயி ஆகாது?"

"ஈரலுந்தான் அத்தை."

"மாத்திரைய விட்றாத தாயி. யாரு சொன்னாலும் விட்றாத. நானே சொன்னாலும்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, குரல் பழையபடி ஏறியது.

"அப்ப அம்புட்டு ஈரலையும் யாருடா தின்னது?"