சொம்புப் பாலும் ஒரு மாத்திரையும்

கோழிப்பண்ணைத் தரையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கட்டுப் பிரித்த பிறகும் மொபெட்டைத் தொடக்கூடாது என்றார் நாமக்கல் டாக்டரம்மா. எலும்பு மெலிந்திருக்கிறதாம், இன்னொரு முறை விழுந்தால் இடுப்பே போய்விடுமாம். வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை. அதில் எண் இறங்கினால் வண்டி ஓட்டலாம்.

எலும்பு கரையும்போது அதிலிருந்து உடைகிற துணுக்கு ஒன்று ரத்தத்தில் கலக்குமாம். அது எவ்வளவு இருக்கிறதென்று பார்த்தால், எலும்பு கரைகிற வேகம் தெரியுமாம். ஸ்கேனில் மாற்றம் தெரிய வருஷக்கணக்காகும், இதில் மூன்றே மாதம். பொறுமைக்கும் எனக்கும் ஆகாது என்பதால் இந்தப் பரிசோதனை எனக்கு உடனே பிடித்துப்போனது.

அதுவரை என் வீட்டுக்காரரின் பின்னால் உட்கார்ந்துதான் பண்ணைக்குப் போக வேண்டும். அவர் ஓட்டினால் நடந்து போகிறவர்களே முந்திவிடுவார்கள். "கொஞ்சம் முறுக்குங்க" என்பேன். "ஏன், பண்ணை ஓடியா போயிரும்?" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு நாட்களை எண்ணினேன்.

மூன்று மாதம் முடிந்து விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்தேன். எண் இம்மியும் இறங்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. என் அழுகை எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். "மாத்தரையே போலியா இருக்குமுங்க!" என்று டாக்டரம்மாவிடமே கத்திவிட்டேன்.

அவர் நிதானமாக, "மாத்திரையை எப்படிப் போடறீங்க?" என்றார்.

என் வீட்டுக்காரர் பெருமையாக முந்திக்கொண்டார். "ஞாயித்துக்கெழமையானா நானே என் கையால குடுக்கறனுங்க. வெறுந்தண்ணியில போட்டா வயிறு புண்ணாயிருமுங்களே? சுண்டக் காய்ச்சின பாலு, ஒரு சொம்பு. எலும்புக்கும் நல்லதாச்சுங்களே!"

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். பாலோடு சேர்ந்தால் அந்த மாத்திரை உடம்பில் சேரவே சேராதாம். வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டுமாம். சீட்டிலேயே எழுதியிருந்தது. ஆனால் எங்கள் பக்கம் மாத்திரை என்றாலே பால்தான், யார் படித்துப் பார்க்கிறார்கள்? முட்டை ஓடு மெலிந்தால் முதலில் கோழித் தீனியைச் சந்தேகப்படுகிற எனக்கும் இது தோன்றவில்லை.

வீடு வரைக்கும் திட்டித் தீர்த்தேன். "மூணு மாச மருந்தையும் பால ஊத்திக் கழுவிட்டீங்களே, மகராசா!" அவர் வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார்.

அதன்பின் ஞாயிறு காலைகளில் எனக்கெதிரே அவரும் காபி குடிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் லேசாகச் சாய்ந்தால் போதும், "நிமுந்து உக்காரு சாமி" என்று அதட்டல் வரும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அப்படி அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்ததே இல்லை.

மூன்று மாதம் கழித்து அடுத்த பரிசோதனையில் எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. "ஹெல்மெட் போட்டுக்கிட்டு தாராளமா ஓட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரி வாசலில் கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். பேருந்து நிலையம் தாண்டியதும் நன்றாக முறுக்கினேன். வேகத்துக்குப் பயந்துவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தால், மனுஷன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டியை ஓரம் கட்டினேன்.

"நானே உன்னய மொடமாக்கிட்டனோன்னு மூணு மாசமாத் தூக்கமே இல்ல சாமி" என்றார்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவருக்காக மெதுவாகவே ஓட்டினேன்.