அடி தொடாத சட்டுவம்

நட்சத்திரங்களின் உள்ளே நிகழும் ஓட்டங்களை ஆராய்வது என் தொழில். சூடான பொருள் எழும்பி, குளிர்ந்து, மறுபடி அமிழ்கிறது. இந்தக் கலக்கம் எவ்வளவு ஆழம் வரை எட்டுகிறது என்பதும் ஒரு நட்சத்திரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நடு வரை கலங்கும் சிறிய நட்சத்திரங்கள் தம்மிடமுள்ள எரிபொருளைப் பெரும்பாலும் செலவழித்து நெடுங்காலம் வாழ்கின்றன. சூரியன் அப்படியல்ல. மேற்பகுதி ஓயாமல் புரண்டுகொண்டிருக்க, எரிந்து முடிந்த சாம்பல் நடுவிலேயே சேர்கிறது. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் கருகிய எண்ணெயின் வாடை எனக்கு நினைவு வரும்.

அப்பா குற்றாலத்தில் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர். அந்த ஆண்டு சீசனுக்கான மூலிகை எண்ணெயைத் தென்காசியில் எங்கள் அடுக்களையில் காய்ச்சியவள் அத்தை, அப்பாவின் தங்கை. கீழப்பாவூரில் புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு அவள் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் வந்தபின் வீட்டில் சிரிப்பு இருந்தது. ஒன்பது வயதுக்கு அது போதுமானதாக இருந்தது.

எண்ணெய் காய்ச்சிய அன்று சாரல் விடவில்லை. அவளை அழைத்துப்போக அவள் புருஷனான மாமாவும் அவருடைய அண்ணனும் வந்து முன்னறையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை எண்ணெய் கிண்டும் சட்டுவத்தை என் கையில் கொடுத்தாள்.

“அடியத் தொட்டுக் கிண்டணும் ஏட்டி. மேல சுத்துதேன்னு ஏமாந்துராத.”

காப்பி டம்ளர்களோடு அவள் முன்னறைக்குப் போனாள். அடுப்பிலிருந்த உருளிக்குள் இலைத் துணுக்குகள் நடுவில் எழும்பி, ஓரத்துக்கு நகர்ந்து, அமிழ்ந்து, மறுபடி எழும்பின. எண்ணெய் தன்னைத் தானே கிண்டிக்கொள்ளும்போது நான் எதற்கு என்று தோன்றியது. சட்டுவத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தேன். அரைத்துப் போட்ட விழுது அடியில் படிந்து கருகியதை வாடைதான் சொல்லிற்று.

“என்ன அண்ணாச்சி, ஒங்க தங்கச்சி இங்கனயும் அடுப்ப மறந்துட்டாளா?” என்றது மாமாவின் அண்ணனுடைய குரல்.

“ஆமா அத்தான், மறந்துட்டேன்,” என்றபடி அத்தை உள்ளே வந்து உருளியை இறக்கினாள். அடியைச் சுரண்டிப் பார்த்தாள். “மேல பாத்தா நல்லாத்தான இருக்கு!” என்று சிரித்தாள். அடி விழப்போகிறதென்று நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவள் குனிந்து காதோடு சொன்னாள்:

“அத்தைய அனுப்பாதீங்கன்னு ஒங்கப்பாட்ட போய்ச் சொல்லுதியாட்டி? நீ சொன்னாக் கேப்பாவ.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விளையாட்டென்று நினைத்து நானும் சிரித்தேன். தவிர, அப்போது அப்பாவின் முன்னால் போய் நின்றால் எண்ணெயைப் பற்றிக் கேட்பாரே என்ற பயமும் இருந்தது. நான் போகவில்லை.

மதியத்துக்குள் அவள் அதே பையோடு புறப்பட்டாள். ஐப்பசியில் கீழப்பாவூரிலிருந்து ஆள் வந்தது. கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவளை வழியனுப்பிய அந்த மதியம் சாம்பலும் தேங்காய் நாருமாக உட்கார்ந்து உருளியின் அடியை நெடுநேரம் தேய்த்தேன். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அத்தை என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று அப்போது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.